பறவைக்கும் இடம் வேணும், படகும் சுத்தமா இருக்கணும்



போன மாதக் கூட்டத்துல இந்தத் தலைப்பைச் சொன்னதும் கொஞ்சம் பேர் சிரிச்சாங்க. "குருவி எச்சத்துக்கு ஒரு பேச்சா?" என்று கேட்டாங்க. கடற்கரையில் இல்லாத ஊர்க்காரங்களுக்கு அது சிரிப்பாத்தான் இருக்கும். தொண்டியில இருந்து மண்டபம் வரைக்கும் நம்ம கரையில் படகு வச்சிருக்கிற குடும்பத்துப் பொம்பளைங்களைக் கேட்டா, அது எவ்வளவு வேலை, எவ்வளவு சண்டை என்று சொல்லுவாங்க. குழுக் கடனில் வாங்கிய படகு இன்னைக்கு நம்ம கூட்டமைப்பில் பல இருக்கு. படகு கடலுக்குப் போனாலும் போகாவிட்டாலும் தவணை நிற்காது. அதனால அந்தப் படகைக் காப்பாத்துறது குழு பேச வேண்டிய விஷயம்தான்.

நம்ம கடலோட அமைப்பு உங்களுக்குத் தெரியும். பாக் நீரிணை ஆழம் குறைஞ்ச கடல். படகைக் கரை வரைக்கும் கொண்டு வர முடியாது. இடுப்பளவு தண்ணியில நங்கூரம் போட்டு நிறுத்திட்டு, ஆளுங்க நடந்துதான் கரைக்கு வரணும். வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்ற முறை இருக்கிறதால, எந்தப் படகா இருந்தாலும் சில நாள் சும்மா நிற்கும். வாடைக் காற்று அடிக்கும்போது இன்னும் சில நாள் நிற்கும். விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ஆள் இல்லாம, அசையாம, தண்ணிக்கு நடுவுல நிற்கிற படகு பறவைக்குத் திண்ணை மாதிரி. நாய் வராது, பூனை வராது, மனுஷன் வரமாட்டான். அதைவிட நல்ல இடம் அதுக்கு வேற எங்க கிடைக்கும்?

முதல்ல இந்த எச்சம் ஏன் இவ்வளவு தொல்லை என்று சொல்லிடுறேன். பறவைக்குச் சிறுநீர் என்று தனியாகக் கிடையாது. ரெண்டும் சேர்ந்துதான் வரும். அதில் வெள்ளையாக இருக்கிறதுதான் யூரிக் அமிலம். அது தண்ணியில லேசுல கரையாது. வெயிலில் காய்ஞ்சா சுண்ணாம்பு பூசின மாதிரி ஒட்டிக்கும். மீன் தின்கிற பறவை என்றால் முள்ளு, செதிள் எல்லாம் கலந்து வரும், நாத்தமும் அதிகம். நாள்கணக்கா அப்படியே விட்டா பெயிண்ட் உரியும், பைபரோட பளபளப்பான மேல்பூச்சு மங்கிப் போகும், இரும்பு ஆணி, எஞ்சின் பிடிமானம் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஈரமானா வழுக்கும். இருட்டுல அணியத்தில் ஏறுகிற ஆளு கால் வழுக்கி விழுந்தா என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மீனுக்கும் கேடு இருக்கு. எச்சத்தில் சால்மோனெல்லா மாதிரி கிருமி இருக்கலாம். எச்சம் கிடந்த பலகையில் மீனைக் கொட்டினா அது மீனில் ஒட்டும். ஏலத்தில் யாவாரி கூடையைப் பார்த்தவுடனே விலையைக் குறைப்பான். நாம நாள் முழுக்க ஐஸ் போட்டுப் பாதுகாத்த மீனு, அழுக்குப் பலகையால விலை இறங்கக் கூடாது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். பறவையை விரட்டணும் என்றால், அது எதுக்கு நம்ம படகுக்கு வருது என்று முதல்ல பார்க்கணும். நான் பார்த்த வரையில் மூணு காரணம் இருக்கு.

ஒண்ணு, சாப்பாடு. காக்காவும் கடல் காக்காவும் இதுக்குத்தான் வருது. கடல் காக்காவில் பெரும்பாலானது அக்டோபரில் வந்து மார்ச், ஏப்ரல் வரைக்கும் இருந்துட்டுப் போகிற விருந்தாளிப் பறவை. வலைக் கண்ணில் மாட்டின நண்டுக் கால், கழிசல் மீன், பலகை இடுக்கில் கிடக்கிற குடல், இதெல்லாம் அதுக்கு விருந்து. ஒரு காக்கா கண்டுபிடிச்சா போதும், சொந்தக்காரன் எல்லாரையும் கூப்பிட்டுரும்.

ரெண்டாவது, உட்கார இடம். நீர்க்காகத்தைப் பாருங்க. முங்கி முங்கி மீன் பிடிக்கும். ஆனா அதோட இறகு தண்ணியில நனைஞ்சிரும். வாத்து இறகு மாதிரி தண்ணி உருண்டு ஓடாது. அதனால மேலே வந்து சிறகை விரிச்சுக் காயப் போட்டே ஆகணும். அதுக்கு உயரமான, தண்ணியை ஒட்டின இடம் வேணும். நம்ம அணியமும் கொடிக் கம்பும் அதுக்குத் தோதா இருக்கு. இதுக்கு நம்ம மீன் துண்டு தேவையில்லை. படகை எவ்வளவு கழுவி வச்சாலும் வரும்.

மூணாவது, ராத்திரி தங்கல். ஆலாவும் கொக்கும் சில இடத்தில் கூட்டமாக வந்து அடையும். ஒரே ராத்திரியில படகு வெள்ளையடிச்ச மாதிரி ஆகிரும்.

காரணம் வேற வேற என்கிறதால மருந்தும் வேற வேற. இதைப் பிரிச்சுப் பார்க்காம செய்கிறதாலதான் பல பேர் "எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு, ஒண்ணும் நடக்கல" என்று சொல்றாங்க.

சாப்பாட்டுக்கு வருகிற பறவைக்கு, சாப்பாடு இல்லாமச் செய்யணும். மீனை இறக்கின உடனே, கரைக்கு வருகிறதுக்கு முன்னாடியே, கடல் தண்ணியை ரெண்டு வாளி மொண்டு ஊத்தி, பலகை இடுக்கு வரைக்கும் தேய்ச்சுவிடணும். காய்ஞ்ச பிறகு அரை மணி நேரம் தேய்க்கிற வேலை, ஈரத்தில் ஐந்து நிமிஷத்தில் முடியும். வலையைப் படகிலேயே போட்டு வைக்கிறதா இருந்தா சுத்தம் பண்ணி மூடி வைக்கணும். மீன் கூடையைக் கவுத்து வைக்கணும். குடிதண்ணி கேனும் ஐஸ் பெட்டியும் மூடியோட இருக்கணும்.

உட்கார வருகிற பறவைக்கு, கால் வைக்க இடம் இல்லாமச் செய்யணும். நம்ம வீட்டில் பழைய தங்கூஸ் நரம்பு கிடக்கும். படகு விளிம்பில் நாலு விரக்கடை உயரத்தில் ஒண்ணும், ஒரு சாண் உயரத்தில் ஒண்ணுமா முன்னாடியில இருந்து பின்னாடி வரைக்கும் இழுத்துக் கட்டணும். பறவை இறங்கும்போது சிறகு நரம்பில் இடிக்கும், காலை ஊன முடியாது, போயிரும். ஒரு முனையில் பழைய டியூப் ரப்பரை வெட்டிக் கட்டி, கொக்கியில் மாட்டுகிற மாதிரி வச்சுக்கிட்டா, கடலுக்குப் போகும்போது ஒரே நிமிஷத்தில் கழட்டிரலாம். கட்டுகிற கட்டு நல்லா விறைப்பா இருக்கணும். தொய்வா இருந்தா பறவை காலில் சுத்தி அது செத்துப் போகும். அங்கங்க சின்னத் துணிக் கிழிசலைக் கட்டினா நரம்பு பறவை கண்ணுக்குத் தெரியும். கொடிக் கம்பு உச்சியிலும் எஞ்சின் மூடி மேலேயும் இப்படிக் கட்ட முடியாது. கம்பு உச்சியில் அகல வாயுள்ள ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைத் தளர்வாகக் கவுத்துவிட்டா, உட்கார்ந்தவுடனே ஆடும். எஞ்சினை உறை போட்டு மூடலாம்.

தார்ப்பாய் போடுகிறவங்களுக்கு ஒரு வார்த்தை. தட்டையாகப் போட்டா அதுவே பறவைக்குப் படுக்கை. மழைத் தண்ணியும் தேங்கும். நடுவில் நீளத்துக்கு ஒரு கம்பு வச்சு, குடிசைக் கூரை மாதிரி ரெண்டு பக்கமும் சரிவாகப் போடணும். காத்துக்குப் படபடக்காம ஓரத்தை இழுத்துக் கட்டணும். தடைக்காலத்தில் 61 நாள் நிற்கிற படகுக்கு இதுதான் ரொம்ப நல்லது.

பொம்மை, பழைய சிடி, சரிகைக் காகிதம் பற்றியும் கேட்பீங்க. சிடியும் சரிகையும் காத்தும் வெயிலும் இருந்தாத்தான் மின்னும். ராத்திரியில வந்து அடைகிற பறவைக்கு அதால ஒண்ணும் இல்லை. ஆந்தை பொம்மை, பருந்து பொம்மை வச்சா நாலு நாள் பயப்படும். அது அசையாது என்று தெரிஞ்சா அந்தப் பொம்மை தலையிலேயே உட்காரும். வச்சா ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை இடத்தை மாத்தணும். நரம்பும் சரிவான தார்ப்பாயும் வச்சுக்கிட்டு, இதையெல்லாம் கூடுதலாக வேணா வச்சுக்கலாம்.

செய்யவே கூடாதது சிலது இருக்கு. விஷம் வச்ச மீனைப் போடுறது, வெடி போடுறது, செத்த பறவையைக் கட்டித் தொங்க விடுறது. வெடி என்றால், பக்கத்திலேயே பெட்ரோல், மண்ணெண்ணெய் கேன் இருக்கு என்பதை நினைச்சுப் பாருங்க. விஷம் தின்ன பறவை தண்ணியில விழுந்தா அதை நாயும் பருந்தும் தின்னும். 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கு. பறவையைக் கொல்றதும், கூட்டைக் கலைக்கிறதும் குற்றம். ரொம்ப நாள் நிற்கிற படகில் முட்டை இருந்தா தொடாம வனத்துறையிடம் சொல்லணும். வேண்டாத நரம்பைக் கடலில் வீசுறதும் கூடாது. ஆமையும் கடல் பசுவும் அதில் சிக்கும். நமக்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் கடல் பசுவுக்கென்றே 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் 2022ல் அறிவிச்சாங்க. அதுவும் நம்ம கடல்தானே.

அடுத்து கழுவுறது. இந்த வேலை பெரும்பாலும் நம்ம தலையிலதான் விழுது. ஆம்பளைங்க வலையைப் பார்க்கப் போயிருவாங்க, நாம தண்ணியில நடந்து போய் படகைக் கழுவுவோம். இதை நல்லாக் கேளுங்க அக்கா. காய்ஞ்ச எச்சத்தை விளக்குமாத்தால பெருக்கவோ சுரண்டவோ கூடாது. அந்தத் தூசியை மூச்சில் இழுத்தா நுரையீரலைத் தாக்குகிற கிருமியும் பூஞ்சையும் உள்ளே போகலாம். முதல்ல நனைக்கணும். கோணிச் சாக்கைக் கடல் தண்ணியில முக்கி எச்சத்து மேல போட்டு அரை மணி நேரம் ஊற விடுங்க. அப்புறம் தேங்காய் நாரும் சோப்புத் தூளும் போட்டுத் தேய்ச்சா தானா வரும். கம்பி பிரஷ், ஆசிட் ரெண்டும் வேண்டாம். பைபரில் கீறல் விழும், அந்தக் கீறலில் அடுத்த தடவை இன்னும் கெட்டியாக ஒட்டும். இரும்பு இருக்கிற இடத்தைக் கடைசியா நல்ல தண்ணியில துடைச்சிருங்க.

மீன் போடுகிற இடத்துக்கு மட்டும், கழுவி முடிச்ச பிறகு, ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் பிளீச்சிங் பவுடர் கலந்து தெளிச்சு, பத்து நிமிஷம் விட்டு அலசினா போதும். அழுக்கு மேலேயே பவுடரைக் கொட்டினா அது வேலை செய்யாது. பிளீச்சிங்கோட கழிப்பறை கழுவுகிற ஆசிட்டை எந்தக் காரணத்துக்கும் கலக்காதீங்க. அதில் வருகிற புகை உயிருக்கே ஆபத்து. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கணும். கர்ப்பமா இருக்கிறவங்க, ஆஸ்துமா உள்ளவங்க இந்த வேலையைச் செய்ய வேண்டாம். கையை சோப்புப் போட்டுக் கழுவாம வெத்தலை போடாதீங்க, பிள்ளைக்கு ஊட்டாதீங்க. எங்கேயாவது பறவைங்க கூட்டமாகச் செத்துக் கிடந்தா கையால தொடாம கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லணும்.

இதுவரைக்கும் சொன்னது ஒரு படகுக்கு. ஆனா ஒரு படகை மட்டும் பாதுகாத்தா பிரச்சினை தீராது. அதுக்குத்தான் இந்த மேடையில பேச வந்தேன்.

எங்க குழுவில் ஐந்து பேர் சேர்ந்து வாங்கின படகுக்கு நரம்பு கட்டினோம். ரெண்டாவது நாளே எங்க படகில் பறவை இல்லை. எல்லாம் பக்கத்துப் படகுக்குப் போயிருச்சு. அது வேற குழுவோட படகு. அந்தக் குழுவில் எனக்கு மதினி முறை வேணும். தண்ணிக் குழாயடியில் நின்னு, "உங்க பறவையை எங்க தலையில ஏத்தி விட்டுட்டீங்களே" என்று கேட்டாங்க. அவங்க கேட்டதில் நியாயம் இருந்துச்சு. அவங்களும் நரம்பு கட்டினாங்க. அப்புறம் அதுக்கு அடுத்த படகுக்குப் போச்சு. கடைசியில யாருமில்லாத ஒரு விதவைப் பாட்டியோட பழைய வள்ளத்தில் வந்து மொத்தமும் உட்கார்ந்துச்சு. அந்தப் பாட்டியால தினமும் தண்ணியில நடந்து போய்க் கழுவ முடியுமா? அந்த வள்ளத்தை வாடகைக்கு விட்டுத்தான் அது சாப்பிடுது.

அதுக்கப்புறம்தான் மூணு குழுவும் ஒண்ணா உட்கார்ந்தோம். அப்ப ஒரு பெரியவர் சொன்னார், "பறவை எங்கேயாவது உட்கார்ந்துதான் ஆகணும். அதுக்கு ஒரு இடத்தைக் காட்டிட்டு அப்புறம் விரட்டுங்க" என்று. படகு கட்டுகிற இடத்தை விட்டுத் தள்ளி, காத்தடிக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா, பழைய சவுக்குக் கம்பு ஆறு ஊனினோம். படகு போகிற வழியில இல்லாமப் பார்த்து, ராத்திரி தெரியுறதுக்காக வெள்ளைப் பெயிண்ட் அடிச்சோம். மேலே குறுக்குக் கட்டை வச்சோம். படகில் உட்கார முடியாத நீர்க்காகம் தானா அங்க போய்ச் சிறகை விரிச்சு உட்கார ஆரம்பிச்சுது. கரையில் ஒரு குழி வெட்டி மீன் கழிவையெல்லாம் அதில் போட்டு மண்ணால மூடுறோம். அதனால கடல் காக்கா கூட்டமும் குறைஞ்சுது. பாட்டி வள்ளத்துக்கு நரம்பு கட்டுறதும் கழுவுறதும் வாரம் ஒரு குழு முறை வச்சுச் செய்யுது. இப்பவும் ஒண்ணு ரெண்டு பறவை வரத்தான் செய்யும். ஆனா கழுவுகிற வேலை பெரும்பகுதி குறைஞ்சிருச்சு, குழாயடிச் சண்டையும் இல்லை.

பறவை நமக்கு எதிரி இல்லை என்பதையும் பிள்ளைங்களுக்குச் சொல்லணும். ஆலாக் கூட்டம் எங்க விழுந்து விழுந்து எழும்புதோ அங்க மீன் கூட்டம் இருக்கு என்று பார்த்துத்தான் நம்ம அப்பாக்கள் வலை போட்டாங்க. நம்ம மாவட்டத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்கள் 2022ல் ராம்சர் பட்டியலில் வந்திருக்கு. வேடந்தாங்கலில் எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம் என்று விவசாயிகளே பறவையைக் காப்பாத்துறாங்க. வயலுக்கு உரமாகிற அதே எச்சம் படகில் விழுந்தா கேடு. இடம் மாறினதுதான் பிரச்சினை.

அதனால கூட்டமைப்புக்கு நாலு கோரிக்கை வைக்கிறேன். தீர்மான நோட்டில் எழுதணும் என்று கேட்டுக்கிறேன். ஒண்ணு, படகுக் கடன் வாங்குகிற குழுவுக்குக் கொடுக்கிற பயிற்சியில் படகுச் சுத்தத்தையும் சேர்க்கணும். ரெண்டு, ஒவ்வொரு படகுத் துறையிலும் மீன் கழிவுக் குழியும் பறவைக் கம்பும் அமைக்க ஊராட்சியிடமும் மீன்வளத் துறையிடமும் மனு கொடுக்கணும். கம்பு ஊன அனுமதி தேவைப்படுகிற இடத்தில் கேட்டுவிட்டுத்தான் ஊனணும். மூணு, கழுவுகிற பெண்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் குழுப் பொது நிதியில் வாங்கணும். நாலு, வயசானவங்க, தனியா இருக்கிறவங்க படகைப் பக்கத்துக் குழுக்கள் முறை வச்சுப் பார்த்துக்கணும்.

நரம்பு நம்ம வீட்டிலேயே கிடக்கு. கம்பு பழைய கம்பு. செலவு பெரிசில்லை. எல்லாப் படகுக்கும் ஒரே வாரத்தில் கட்டணும், அதுதான் முக்கியம். ஒருத்தி மட்டும் கட்டினா அவ அழுக்கு அடுத்தவ படகுக்குப் போகும். வர்ற தடைக்காலம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ஏப்ரல் முதல் வாரத்திலேயே இந்த வேலையை முடிச்சிருவோம். கட்டத் தெரியாத ஊருக்கு எங்க குழுவில் இருந்து ரெண்டு பேர் வந்து கட்டிக் காட்டத் தயாரா இருக்கோம். பஸ்ஸில் வந்துருவோம், ஒரு வாய் டீ கொடுத்தா போதும்.